இருமாவும் நாலுமாவும்

1792-ல் ஸ்ரீரங்கப்பட்டணத்து உடன்படிக்கையில் திப்பு சுல்தான் கைவிட்ட இடங்களில் சங்ககிரியும் ஒன்று. மலைமேல் கோட்டைக்குக் கம்பெனிப் படை வந்தது. கீழே ஊர்களுக்குத் தீர்வைக் கணக்கு வந்தது. சேலம், பாராமகால் சீமைக்கு வரி விதிக்க அலெக்சாண்டர் ரீடும் அவருக்கு உதவியாகத் தாமஸ் மன்றோவும் இறங்கினார்கள். நிலத்தை எந்தத் துரையும் அளந்துவிடலாம். ஊர்க் கணக்குப்பிள்ளை ஓலையில் கீறிவைத்த பின்னங்களை வாசிக்க ஊர்க்காரர்தான் வேண்டும்.

அந்தக் கணக்குப்பிள்ளை படித்தது திண்ணைப் பள்ளிக்கூடம். மணலில் விரலால் எழுதி, உரக்கச் சொல்லி, எண்சுவடியைப் பையன்கள் உருப்போட்டார்கள். முழு எண்ணுக்கு மேல்வாய் இலக்கம், பின்னத்துக்குக் கீழ்வாய் இலக்கம். பிறகு நெல்லிலக்கம், பொன்னிலக்கம், வயல் பரப்புக்குக் குழிமாத்து. பிழைப்புக்கு உதவாத கணக்குக்கு அங்கே இடம் குறைவு. பையன்கள் என்று சொல்வதற்குக் காரணம் உண்டு: பெண்பிள்ளைகளுக்கும் ஒடுக்கப்பட்ட சாதியாருக்கும் அந்தத் திண்ணை பெரும்பாலும் எட்டவில்லை. மன்றோ கவர்னரான பின், 1822-ல், பள்ளிப் பிள்ளைகளைச் சாதிவாரியாக, ஆண் பெண் வாரியாக எண்ணிக் கணக்கு அனுப்பச் சொன்னார்.

உருப்போட்ட கணக்கு எவ்வளவு தூரம் ஓடும்? 1825-ல் புதுச்சேரியில் ஒரு பஞ்சாங்கக்காரர் சோழிகளைத் தரையில் பரப்பி, மனப்பாட வாய்பாடுகளை வைத்தே சந்திர கிரகணத்தைக் கணித்துக் காட்டினார். பார்த்து வியந்தவர் வானியல் அறிஞர் ஜான் வாரன். வானியல் கோட்பாடு அந்த மனிதருக்குத் தெரியாது, படிகள் தெரியும். கிரகணம் தொடங்கும் நேரம் நாலு நிமிடம்தான் பிசகியது. முடிவிலோ ஏறக்குறைய ஐம்பது நிமிடம்! எங்கே தவறியது என்று தேட அவரிடம் வழியில்லை.

இன்று சங்ககிரி லாரி ஊர். இந்த வட்டாரத்தில் கம்ப்யூட்டர் சயன்ஸ் படிக்கும் பிள்ளைகளின் பாடத்தில் தர்க்கம், கணங்கள், நிகழ்தகவு, அணிகள் எல்லாம் உண்டு. நிரூபணமும் உண்டு, பஞ்சாங்கக்காரருக்கு வாய்க்காத சொத்து அது. ஆனால் கீழ்வாய் இலக்கத்தை யாரும் பொருட்படுத்துவதில்லை. கணினி இரண்டிரண்டாகப் பிளந்துதான் பின்னத்தை வைத்துக்கொள்ளும். அரை, கால், அரைக்கால், பதினாறில் ஒன்றான மாகாணி வரை அதற்குச் சுத்தமாக அடங்கும். இருபதில் ஒன்றான மா அடங்காது. எங்கோ ஒரு துளி வெட்டுப்படும்.

0.1 என்பது இருமா, 0.2 நாலுமா. இரண்டையும் கூட்டச் சொன்னால் திண்ணைப் பையன் காலே ஒருமா என்பான். பைத்தானில் தட்டிப் பார்த்தால் திரையில் வருவது 0.30000000000000004.