சாட்சல் பெய்ஜும் கணக்கேடும்

விளையாட்டின் வரலாற்றை எழுதுவோர் எண்களைப் பெரிதும் நம்புவார்கள். எத்தனை ஆட்டம், எத்தனை வெற்றி, எத்தனை தோல்வி என்று கணக்கேட்டைப் புரட்டினால் ஒருவருடைய தகுதி தானே விளங்கிவிடும் என்பது அவர்கள் எண்ணம். அது எவ்வளவு தூரம் சரி என்பதை, அமெரிக்க நாட்டு பேஸ்பால் வீரர் ஒருவரின் வாழ்க்கையைக் கொண்டு ஆராய்ந்து பார்க்க விரும்புகிறேன். அவர் பெயர் லீராய் பெய்ஜ். உலகம் அவரைச் சாட்சல் பெய்ஜ் என்றே அறியும்.

பேஸ்பால் ஆட்டத்தை நேயர்களில் பலர் நேரில் கண்டிருக்கமாட்டார்கள். கிரிக்கெட்டில் பந்து வீசுவோர் மாறி மாறி வீசுவர். பேஸ்பாலிலோ ஆட்டத்தின் பாரம் பெரும்பாலும் ஒருவர் தோளில் வந்து விழும். அவரைப் பிட்சர் என்பார்கள். ஏறத்தாழ அறுபது அடிக்கு அப்பால் மட்டையோடு நிற்பவரை ஏய்த்துப் பந்தை எறிவது அவர் தொழில். வெற்றியும் தோல்வியும் பிட்சரின் பெயரில்தான் ஏட்டில் பதியும்.

அமெரிக்காவின் உயர்நிலைப் பந்தயங்களான மேஜர் லீகுகளின் ஏட்டில் நெடுங்காலம் பெய்ஜின் பெயருக்கு எதிரே இருந்த கணக்கு 28 வெற்றி, 31 தோல்வி. இதை மட்டும் காண்பவர், இவர் நடுத்தரமான ஆட்டக்காரர் என்று பக்கத்தைப் புரட்டிவிடுவார். ஆனால், மட்டை பிடிப்பதில் பெரும்புகழ் பெற்ற ஜோ டிமாஜியோ, தாம் எதிர்கொண்ட பிட்சர்களுள் தலைசிறந்தவர் பெய்ஜே என்று சொல்லியிருக்கிறார். ஏடு ஒன்று சொல்கிறது; எதிரே நின்றவர் வேறொன்று சொல்கிறார். இந்த முரண்பாடு எப்படி வந்தது?

பெய்ஜ் 1906 ஜூலை 7 அன்று அலபாமா மாநிலத்து மோபீல் நகரில் வறிய கறுப்பர் குடும்பத்தில் பிறந்தார். ரயில் நிலையத்தில் பயணிகளின் பைகளைச் சுமந்து காசு சம்பாதித்த சிறுவன் அவர். பை என்று பொருள்படும் 'சாட்சல்' என்னும் பெயர் அங்கேதான் ஒட்டிக்கொண்டது என்பார்கள். 1918-இல், கடையில் பொம்மை மோதிரங்களைத் திருடிய குற்றத்துக்காகச் சீர்திருத்தப் பள்ளிக்கு அனுப்பப்பட்டார். அங்கே ஐந்து ஆண்டுகளுக்கு மேல் கழித்தார். பந்தெறியும் கலையை முறையாகப் பயின்றதும் அங்கேதான். 1926-இல் சாட்டனூகா நகரத்துக் குழுவில் சேர்ந்து, அதையே தொழிலாகக் கொண்டார்.

அந்நாளில் மேஜர் லீகுகளில் கறுப்பர் எவருக்கும் இடமில்லை. அப்படி ஒரு சட்டம் எழுதப்பட்டிருக்கவில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து குழு முதலாளிகள் தமக்குள் வாய்திறவாமல் செய்துகொண்ட உடன்பாடு அது. எழுதாத சட்டத்தை எதிர்த்து எந்த நீதிமன்றத்தில் முறையிடுவது? ஆகவே கறுப்பர்கள் தமக்கென்று தனிப் பந்தயங்களை அமைத்துக்கொண்டார்கள். 1920-இல் ரூப் ஃபாஸ்டர் என்பவரின் முயற்சியால் நீக்ரோ நேஷனல் லீக் தோன்றியது. பர்மிங்ஹாம், பிட்ஸ்பர்க், கான்ஸாஸ் சிட்டி ஆகிய நகரங்களின் குழுக்களில் பெய்ஜ் ஆடிப் பெரும்புகழ் பெற்றார். 1942-இல் கான்ஸாஸ் சிட்டி மானார்க்ஸ் குழு வாகை சூடியபோது அதன் முதன்மையான பலம் அவரே.

லீக் ஆட்டங்கள் மட்டுமே அவருக்குச் சோறு போடவில்லை. ஊர் ஊராகச் சென்று காட்சி ஆட்டங்கள் ஆடினார். கியூபாவுக்கும் மெக்ஸிகோவுக்கும் போனார்; 1937-இல் டொமினிகன் குடியரசில் சர்வாதிகாரி துருஹியோவின் குழுவுக்காகவும் பந்தெறிந்தார். பருவம் முடிந்ததும் வெள்ளை வீரர்களின் குழுக்களோடு மோதினார். டிமாஜியோ அவரை எதிர்கொண்டது அத்தகைய ஆட்டத்தில்தான். தாம் 2,500 ஆட்டங்கள் ஆடி, 2,000 வரை வென்றதாகப் பெய்ஜே சொல்லிவந்தார். அதைச் சரிபார்க்க வழியில்லை. முறையான ஏடு இல்லாத இடத்தில் கதைதான் ஏடாகிறது.

1945-இல் புரூக்ளின் குழு ஜாக்கி ராபின்ஸனை ஒப்பந்தம் செய்தது. 1947 ஏப்ரலில் அவர் மேஜர் லீகில் காலடி வைத்தார். அடைத்த கதவு திறந்தது. முதலில் நுழைந்தவர், பெய்ஜைவிடப் பன்னிரண்டு வயது இளையவர். தாமே முதல்வராக இருப்போம் என்று நெடுநாள் நம்பியிருந்த பெய்ஜ், அது தமக்கு எவ்வளவு வலித்தது என்பதைத் தம் வாழ்க்கை வரலாற்றில் மறைக்காமல் கூறியிருக்கிறார்.

1948 ஜூலை 7 அன்று, அவருடைய நாற்பத்திரண்டாம் பிறந்தநாளில், கிளீவ்லண்ட் இந்தியன்ஸ் குழுவின் உரிமையாளர் பில் வெக் அவரை அமர்த்திக்கொண்டார். பிற பிட்சர்கள் ஓய்வு பெறும் வயது அது. இது வெறும் விளம்பர வேடிக்கை என்று பத்திரிகையுலகில் கண்டனம் எழுந்தது. பெய்ஜ் பந்தால் விடையளித்தார். அந்த அரைப் பருவத்தில் 6 வெற்றி, ஒரே ஒரு தோல்வி. ஆகஸ்ட் 20 அன்று அவர் ஆட்டத்தைக் காண 78,382 பேர் திரண்டார்கள்; எதிரிக்கு ஓர் ஓட்டம்கூடக் கொடாமல் வென்றார். அவ்வாண்டு கிளீவ்லண்ட் உலகத் தொடரையும் வென்றது.

அவர் வயதென்ன என்பது நாட்டுக்கே விடுகதையாயிற்று. பிறப்பைக் குறித்து வைத்திருந்த குடும்ப விவிலியத்தை ஆடு தின்றுவிட்டது என்று பெய்ஜும் சிரித்துக்கொண்டே சொல்வார். நகைச்சுவைதான். ஆனால் அவர் இருபத்தைந்து வயதில் உள்ளே விடப்பட்டிருந்தால் அந்த வயதைப் பற்றி யார் கேட்டிருப்பார்கள்?

1965 செப்டம்பர் 25 அன்று, 59 வயதில், கான்ஸாஸ் சிட்டி குழுவுக்காகப் பாஸ்டனை எதிர்த்து மூன்று இன்னிங்ஸ் எறிந்தார்; எதிரிகள் ஓர் ஓட்டமும் எடுக்கவில்லை. ஓய்வூதியம் பெற அவருக்கு 158 நாள் சேவை குறைந்தது. 1968-இல் அட்லாண்டா குழு அவரைச் சேர்த்துக்கொண்டு அக்குறையைத் தீர்த்தது. 1971-இல் கூப்பர்ஸ்டவுனில் உள்ள புகழ் மண்டபத்தில் அவருக்கு இடம் தர முன்வந்தபோது, மேஜர் லீகில் பத்தாண்டு ஆடியிருக்க வேண்டும் என்னும் விதி குறுக்கே நின்றது. உள்ளே விடாதவர்களே, நீ உள்ளே போதிய காலம் இருக்கவில்லை என்றார்கள்! தனிப் பகுதியில் வைக்கலாம் என்ற யோசனைக்கு எதிர்ப்பு எழவே, மற்றவர்களோடு ஒருங்கே இடமளித்தார்கள். 1982 ஜூன் 8 அன்று அவர் காலமானார்.

2020 டிசம்பரில், 1920 முதல் 1948 வரை நடந்த கறுப்பர் லீகுகளையும் மேஜர் லீகுகளாக ஏற்பதாக அறிவிப்பு வந்தது. 2024-இல் அவற்றின் எண்கள் பொது ஏட்டில் சேர்ந்தன. பழைய செய்தித்தாள்களை ஆண்டுக்கணக்கில் தேடி அக்கணக்குகளைத் திரட்டிய ஆராய்ச்சியாளர்கள் போற்றத்தக்கவர்கள்.

ஆயினும், இழப்பு இருவகை என்று நான் கருதுகிறேன். ஆடியும் எழுதப்படாத ஆட்டங்கள் ஒருவகை. அவற்றுள் பலவற்றை மீட்டுவிட்டார்கள், இன்னும் சிலவற்றை மீட்கக்கூடும். இருபது ஆண்டுக்காலம் நாட்டின் பெரிய அரங்குகளில் முழுப்பருவமும் பெய்ஜ் ஆடியிருக்க வேண்டிய ஆட்டங்கள் மற்றொரு வகை. அவை நடக்கவே இல்லை. நடக்காததை எந்தச் செய்தித்தாளில் தேடுவது? அநீதியின் வரலாற்றை எழுதப் புகுவோர் முதல்வகையைத் திருத்தியதோடு கணக்கு முடிந்தது என்று ஏட்டை மூடிவிடலாகாது. இரண்டாம் வகையையும் இழப்பென்றே பெயர் சொல்லி எழுதிவைக்க வேண்டும்.