முத்துக்குளித்துறை எடுத்த முடிவு

வேம்பாறு, தூத்துக்குடி, புன்னைக்காயல், மணப்பாடு என்று மன்னார் வளைகுடாவை ஒட்டிக் கிடக்கும் முத்துக்குளித்துறை ஊர்களின் பரவர்கள் 1535-37 ஆண்டுகளில் கூட்டங்கூட்டமாகக் கத்தோலிக்கம் தழுவினார்கள். 20,000 பேர் என்பது வழக்கமாகச் சொல்லப்படும் கணக்கு. இதைப் பற்றி எழுதியவர்களில் பலர் ஒரே தீர்ப்பில் வந்து நிற்கிறார்கள்: அது நம்பிக்கையால் நேர்ந்ததல்ல, போர்ச்சுகீசியரின் பாதுகாப்பை வாங்கக் கொடுத்த விலை. அந்த முடிவு எங்கிருந்து பிறந்தது என்று கேட்டால் இந்தத் தீர்ப்பு சரிதான். ஆனால் அது எவ்வளவு உறுதியானது என்ற கேள்விக்கு இதில் விடை இல்லை. ஒரு முடிவின் உறுதியை அதை எடுத்த நாளில் அளக்க முடியாது; எந்த ஆதாயத்துக்காக எடுத்தார்களோ அதுவே நட்டமாகத் திரும்பும் நாளில்தான் அளக்க முடியும். பரவர்களுக்கு அந்த நாள் 1658இல் வந்தது.

முதலில், முடிவு எப்படி எடுக்கப்பட்டது என்று பார்க்கலாம். முத்துச் சலாபத்தின், அதாவது முத்துக்குளிப்பின், மீதான உரிமைக்குக் கரையில் பல கைகள் போட்டியிட்ட காலம் அது. கடலில் முஸ்லிம் வணிகர்களின் வலிமை ஓங்கியிருந்தது. நிலத்தில் வேணாடும் பாண்டிய வழியினரும் நாயக்கப் படைகளும் மாறி மாறி வரி கேட்டார்கள். தூத்துக்குடியில் முஸ்லிம்களோடு நேர்ந்த ஒரு தகராறில் பரவர் ஒருவரின் காது கடுக்கனோடு அறுபட்டது என்றும், அதிலிருந்து இருதரப்பிலும் ரத்தம் சிந்தியது என்றும் சேசு சபையினர் பின்னாளில் எழுதி வைத்தார்கள். அந்த நெருக்கடியில் வழி சொன்னவர் ஜோவான் த குரூஸ் என்ற குதிரை வணிகர். கோழிக்கோட்டு சாமூதிரியின் ஆளாக இளவயதில் லிஸ்பன் சென்று அங்கே ஞானஸ்நானம் பெற்றுத் திரும்பியவர். அவர் சொற்படி பட்டங்கட்டிகள் எனப்பட்ட ஊர்த் தலைவர்கள் போர்ச்சுகீசியரைத் தேடிக் கொச்சிக்குப் போனார்கள். அங்கே முதலில் ஞானஸ்நானம் பெற்றவர்கள் 85 பேர் என்று பதிவு இருக்கிறது. ஊர்களில் மற்றவர்களுக்கு நடந்தது அதற்குப் பிறகு. பேரத்தில் போர்ச்சுகீசியரும் தங்கள் பங்கைச் செய்தார்கள்: 1538இல் வேதாளையில், முஸ்லிம் வணிகர்கள் பக்கம் நின்ற கோழிக்கோட்டுக் கப்பற்படையை முறியடித்தார்கள். ஊர்ப் பொறுப்பில் இருந்தவர்கள் கூடிப் பேசி, ஆளனுப்பி, நிபந்தனை தெரிந்து எடுத்த முடிவு இது.

மதத்தின் அடிப்படையே தெரியாதவர்களின் மதமாற்றத்தை எப்படி முடிவு என்று சொல்வது என்று ஒருவர் கேட்கலாம். அதற்குச் சான்று இந்தக் கரைக்கு வந்த சேசு சபைக் குரு பிரான்சிஸ் சவேரியாரிடமே இருக்கிறது. 1542 அக்டோபரில் தூத்துக்குடியிலிருந்து எழுதிய கடிதத்தில், இந்த மக்களுக்குத் தாங்கள் கிறிஸ்தவர்கள் என்பதைத் தவிர வேறொன்றும் தெரியவில்லை என்கிறார். குருவில்லாமல், செபம் கற்பிப்பாரில்லாமல் ஏறக்குறைய ஆறு ஆண்டுகள் கழிந்திருந்தன. ஆனால் இந்தச் சான்றையே மறுபக்கமும் படிக்கலாம். கற்பிப்பார் எவருமில்லாத அத்தனை ஆண்டுகளிலும் அவர்கள் அந்தப் பெயரைக் கைவிடவில்லை. அறிவு பின்னால் வந்தது. சேசு சபையின் ஹென்றிக்கஸ் அடிகளார் தமிழ் கற்று, இலக்கணம் எழுதி, 1578இல் கொல்லத்தில் ‘தம்பிரான் வணக்கம்’ என்ற கிறிஸ்தவப் போதனை நூலை அச்சிட்டபோது அச்சுச் செலவில் பரவர்களின் பணமும் இருந்தது. நாற்பது சொச்சம் ஆண்டுகளில் ஓர் அரசியல் ஒப்பந்தம் காசு கொடுத்துப் புத்தகம் அச்சிடும் அளவுக்கு வேர்விட்டிருந்தது.

1658இல் டச்சுக்காரர் தூத்துக்குடியைப் பிடித்தார்கள். பாதுகாப்பு தந்த கை போய்விட்டது. கடலும் சலாபமும் சங்கு வணிகமும் இப்போது சீர்திருத்தச் சபையைச் சேர்ந்த, கத்தோலிக்கத்தை வெறுத்த ஒரு கம்பெனியிடம். சேசு சபைக் குருக்கள் ஊரை விட்டு வெளியேற்றப்பட்டார்கள். 1536இன் கணக்குப்படி பார்த்தால் பரவர்கள் அன்றே கட்சி மாறியிருக்க வேண்டும். மாறவில்லை. டச்சுப் போதகர் பல்தேயுஸ் இவர்களிடம் பேசிப் பார்த்துப் பலன் காணவில்லை. குருவைத் தேடி ஊருக்கு வெளியே போய்ப் பூசை கண்டார்கள். 1700 வாக்கில் எழுதிய கடிதமொன்றில் சேசு சபைக் குரு மார்ட்டின் ஒரு சம்பவத்தைச் சொல்கிறார்: தங்களை மாற்ற வந்த போதகரிடம் சாதித் தலைவர், சவேரியார் இந்தக் கரையில் செத்தவர்களை எழுப்பினார், நீங்கள் அவரைவிட அதிகம் பேரை எழுப்பிக் காட்டுங்கள், பிறகு பார்க்கலாம் என்றாராம். மார்ட்டின் நடுநிலை சாட்சி இல்லை. கதைக்கு அவர் மெருகேற்றியிருக்கலாம். விளைவை அவர் மெருகேற்ற முடியாது. 1750இல் டச்சுக்காரர் தூத்துக்குடியில் கட்டிய தேவாலயம் இன்றும் நிற்கிறது. அது பரவர்களின் கோயிலாக ஆகவே இல்லை.

இதற்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு. டச்சுக்காரர் இங்கே நெருக்கியதே குறைவு, அதனால் நிலைத்து நின்றதில் பெருமை என்ன? யாழ்ப்பாணத்தில் அவர்கள் ஆட்சியாளர்கள். இங்கே மதுரை நாயக்கர் நாட்டின் ஓரத்தில் இருந்த வணிகர்கள். தவிர, முத்தெடுக்கக் குளியாளி வேண்டும். காலில் கல்லைக் கட்டிக்கொண்டு கடலடிப் பாருக்கு இறங்கி, மூச்சு முட்டுமுன் சிப்பியை வாரிக்கொண்டு கயிற்றை அசைக்கும் ஆளை வாளால் மிரட்டி உருவாக்க முடியாது. இவ்வளவும் உண்மை. ஆனால் யாழ்ப்பாணத்தோடு வைத்துப் பார்த்தால் வேறொன்றும் தெரியும். அங்கே உத்தியோகமும் பதிவுபெற்ற திருமணமும் டச்சுச் சபையின் ஞானஸ்நானத்தோடு கட்டுண்டிருந்தன. பெருந்தொகையானோர் பெயர் கொடுத்தார்கள், 1796க்குப் பின் ஆங்கிலேயர் அந்தக் கட்டை அவிழ்த்ததும் பெரும்பாலோர் விலகிப் போனார்கள். இரண்டுமே ஆதாயத்தில் தொடங்கியவைதான். யாழ்ப்பாணத்தில் ஒவ்வொரு குடும்பமும் தனித்தனியே அலுவலகப் பதிவேட்டில் பெயர் எழுதியது. முத்துக்குளித்துறையில் முடிவு ஊருடையது; அதைக் காக்கச் சாதித் தலைவரும் பட்டங்கட்டிகளும் இருந்தார்கள், கூட்டிச் சேர்க்கப் பனிமய மாதாவின் திருவிழா இருந்தது. டச்சுக்காரரும் சலாபக் காரியங்களைச் சாதித் தலைவர் வழியாகத்தான் பேச வேண்டியிருந்தது.

இந்த உறுதிக்கு ஒரு விலையும் இருந்தது. ஊர் எடுத்த முடிவிலிருந்து தனி ஆள் விலகுவது எளிதல்ல. பெண்களின் சம்மதம் கேட்கப்பட்டதற்குச் சான்றும் இல்லை. தலைவர்களின் நலனும் முடிவோடு பிணைந்தே கிடந்தது. 1806இல் சாதித் தலைவர் கபிரியேல் த குரூஸ் கோமஸ் மாதாவுக்குத் தங்கத்தேர் செய்து கொடுத்ததில் பக்தியோடு தலைமையின் அதிகாரமும் ஊர் பார்க்க உலா வந்தது. ஆனாலும் தலைவர்களின் நலன் மட்டுமே காரணமென்றால், அந்த அதிகாரம் தேய்ந்த பின் முடிவும் தேய்ந்திருக்க வேண்டும். டச்சுக்காரர் 1825இல் போனார்கள். முத்துச் சலாபமே 1961க்குப் பின் நின்றுபோனது. 1536இன் பேரத்தில் இருந்தவற்றில் பரவர்களைத் தவிர வேறெந்தத் தரப்பும், எந்தச் சரக்கும் இன்று இங்கே இல்லை; முடிவு மட்டும் நிற்கிறது. ஆகவே ஒரு சமூகத்தின் பெரிய முடிவை எடைபோடும்போது, எதற்காக எடுத்தார்கள் என்பதோடு நின்றுவிடக் கூடாது. அதைக் கைவிட்டால் லாபம் என்றிருந்த காலத்தில் யார், எந்த ஏற்பாட்டால் அதைக் கைவிடாமல் காத்தார்கள் என்பதையும் கேட்க வேண்டும். முத்துக்குளித்துறையில் அந்த இரண்டாம் கேள்விக்குத்தான் சான்று மிகுதி.