தூண்டிலோடு ஏரிக்கு வந்த துருவப் படகு

மீன்பிடிக் கயாக் இன்று பலருக்கும் பழகிய பொருள். பத்துப் பன்னிரண்டு அடி நீளத்தில் பிளாஸ்டிக் உடல், நடுவில் முதுகு சாய்த்துக்கொள்ள ஓர் இருக்கை, பக்கங்களில் தூண்டில் கம்பைச் செருகக் குழிகள், பின்னால் பெட்டி வைக்க ஒரு பள்ளம். அமைதியான ஏரியில் மீன் பிடிக்க முதன்முதலாக ஒன்றை வாங்கப் போகிறவர், கடையில் அடுக்கி வைத்திருக்கும் வகைகளைப் பார்த்ததும் மலைத்துப்போவார். உள்ளே கால் நீட்டி உட்காரும் வகையா, மேலே அமரும் வகையா? அகலம் வேண்டுமா, நீளம் வேண்டுமா? கையில் துடுப்பா, காலில் மிதியா? இந்தக் கேள்விகள் ஒவ்வொன்றுக்கும் எங்கோ, எப்போதோ, யாரோ ஒருவர் தன் தேவைக்காக ஒரு விடை கண்டிருக்கிறார். அந்த விடைகள் பிறந்த கதையைத் தெரிந்துகொண்டால் தேர்வு பாதி முடிந்த மாதிரி.

கதை தொடங்குவது மரமே வளராத நிலத்தில். கிரீன்லாந்தின் மேற்குக் கரையில் டிஸ்கோ விரிகுடாவில் கெகர்தசுஸ்ஸுக் என்றொரு சிறு தீவு இருக்கிறது. சாக்காக் என்ற பழங்காலப் பண்பாட்டு மக்கள் அங்கே விட்டுச்சென்ற குப்பைமேடு உறைபனியில் கெடாமல் கிடந்தது. அதைத் தோண்டியவர்களுக்குக் கயாக் சட்டத்தின் மரத்துண்டுகள் கிடைத்தன. வயது ஏறத்தாழ 4,000 ஆண்டுகள். மரமில்லாத ஊருக்கு மரம் எப்படி வந்தது? சைபீரியாவின் பெரிய ஆறுகள் கரையோர மரங்களைப் பெயர்த்துக் கடலில் தள்ளும். பனிப்பாளங்கள் அவற்றைச் சுமந்து ஆண்டுக்கணக்கில் மிதந்து எங்கெங்கோ கரை சேர்க்கும். அப்படி ஒதுங்கிய கட்டைகளை வீணாக்க யாருக்கு மனம் வரும்? மெல்லிய சட்டத்துக்கு மட்டும் மரம். மேலே போர்த்தக் கடல்நாய்த் தோல். கயாக்கின் எடை குறைந்ததற்கு அந்தப் பஞ்சமே காரணம்.

சட்டத்தை ஆண்கள் கட்டினார்கள். விலங்கின் தசைநாரை நூலாக்கி, ஊசி தோலை முழுக்கத் துளைத்துவிடாதபடி, ஒரு சொட்டு நீர் கசியாமல் பெண்கள் தைத்தார்கள். அளவுகோல் கட்டுகிறவரின் உடல்தான். விரித்த கைகளின் நீளத்தைப் போல மூன்று மடங்கு நீளம், இடுப்பின் அகலத்தோடு இரண்டு கைமுட்டி சேர்த்த அகலம் என்பது பல இடங்களில் வழக்கமாக இருந்த கணக்கு. நீருக்குத் தகுந்தபடி வடிவமும் மாறியது. திறந்த கடலில் கடல்நாய் வேட்டைக்கு ஒரு வகை. ஹட்சன் விரிகுடாவின் மேற்கே, உள்நாட்டு ஏரிகளில் நீந்திக் கடக்கும் கரிபு மான்களைத் துரத்திப் பிடிக்க வேறொரு வகை. ஒடுக்கமான, எடை குறைந்த அந்த ஏரிக் கயாக் நீந்தும் மானை விட வேகமாகப் போயாக வேண்டும். ஆளுக்கேற்ற அளவு, நீருக்கேற்ற வடிவம் என்ற இந்த இரண்டு விதிகளையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பிறகு வந்த வியாபாரிகள் பலர் இவற்றை மறந்தார்கள்.

ஐரோப்பாவுக்குக் கயாக் முதலில் வந்தது துயரத்தோடு. ஆசியாவுக்குக் குறுக்குவழி தேடிக் கப்பலோட்டிய மார்ட்டின் ஃப்ரோபிஷர், 1577இல் பாஃபின் தீவிலிருந்து மூன்று இனுயிட் மக்களைப் பிடித்து இங்கிலாந்துக்குக் கொண்டுபோனார். அவர்களில் கலிச்சோ என்பவர் பிரிஸ்டல் நகரத்தின் ஏவன் ஆற்றில் கயாக் ஓட்டி, ஈட்டியெறிந்து வாத்து வேட்டையாடிக் காட்டினார். நகரமே கரையில் நின்று பார்த்தது. சில வாரங்களில் அவர் இறந்துபோனார். நூறாண்டு கழித்து, 1680களில், ஸ்காட்லாந்தின் ஓர்க்னி தீவுகளுக்கருகே தோல்படகில் தனியாக வரும் மனிதர்களைப் பார்த்ததாகச் செய்தி பரவியது. அவர்கள் எங்கிருந்து வந்தார்கள் என்பதில் அறிஞர்கள் இன்னும் ஒத்துப்போகவில்லை. அக்காலத்தில் அபர்டீனுக்கு வந்துசேர்ந்த கயாக் ஒன்று இன்றும் அங்கே அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ஐரோப்பியர்கள் அதை வியந்தார்கள், வரைந்தார்கள், பாதுகாத்தார்கள். ஏறி ஓட்ட வேண்டும் என்று மட்டும் தோன்றவில்லை.

கயாக்கைக் கொண்டு பணம் பார்த்தவர்கள் ரஷ்ய வியாபாரிகள். 1741இல் விட்டஸ் பேரிங் தலைமையிலான ரஷ்யக் கடற்பயணம் அலாஸ்காவை எட்டியது. உயிர் பிழைத்துத் திரும்பியவர்கள் கொண்டுவந்த கடல் நீர்நாய்த் தோலுக்குச் சீனச் சந்தையில் பெரும் விலை. தோல் வேண்டும், ஆனால் அந்த விலங்கைப் பிடிக்கும் திறமை ரஷ்யர்களிடம் இல்லை. அலூஷியன் தீவுகளின் உனங்கன் மக்களிடம் இருந்தது. குடும்பத்தினரைப் பிணையாகப் பிடித்துவைத்து அவர்களை வேட்டைக்கு விரட்டினார்கள். மரபான ஓராள், ஈராள் படகுகளோடு மூன்று துளை கொண்ட படகும் அப்போது பெருகியது. முன்னும் பின்னும் துடுப்பு போடுகிறவர்கள், நடுத்துளையில் ரஷ்ய அதிகாரியோ பாதிரியாரோ. கயாக்கில் ‘பயணி’ என்ற ஆள் சேர்ந்தது இப்படித்தான். 1812இல் கலிஃபோர்னியாவில் ரஷ்யர்கள் ராஸ் கோட்டை கட்டியபோது அலாஸ்கா வேட்டைக்காரர்களும் அவர்களுடைய தோல்படகுகளும் அந்தக் கரைக்கு வந்து சேர்ந்தன. கலிஃபோர்னியா இந்தக் கதைக்குள் இன்னொரு முறை வரும்.

வேட்டைக் கருவியை உல்லாசப் பொருளாக்கியவர் ஜான் மக்ரெகர் என்ற ஸ்காட்லாந்து வழக்கறிஞர். 1865இல் லண்டனின் லாம்பெத்தில் ஓக் மரத்தால் ஒரு படகு கட்டச் சொன்னார். 15 அடி நீளம், 28 அங்குல அகலம், ஏறக்குறைய 36 கிலோ எடை, மேலே தேவதாரு மரத் தளம், இரு முனையிலும் அலகுள்ள துடுப்பு. மூடிய தளமும் இரட்டைத் துடுப்பும் வடதுருவ மரபின் கொடை. ‘ராப் ராய்’ என்று பெயரிட்ட அந்தப் படகை ரயிலிலும் மாட்டுவண்டியிலும் ஏற்றிக்கொண்டு ரைன், டான்யூப் ஆறுகளையும் சுவிட்சர்லாந்தின் ஏரிகளையும் சுற்றினார். அடுத்த ஆண்டு அவர் எழுதிய பயணநூல் அமோகமாக விற்றது. அதே 1866இல் இங்கிலாந்தில் படகோட்டிகள் சங்கமும் தொடங்கியது. பார்த்துச் செய்தவர்கள் பெருகினார்கள். 1876இல் இளைஞர் ராபர்ட் லூயி ஸ்டீவன்சனும் நண்பரோடு பெல்ஜியம், பிரான்ஸ் நீர்வழிகளில் இத்தகைய படகில் போய்வந்து தன் முதல் நூலை எழுதினார். கொந்தளிக்கும் கடலுக்குப் பிறந்த படகு, அமைதியான உள்நாட்டு நீருக்குள் உல்லாசமாக நுழைந்தது அப்போதுதான்.

ஒரு சிக்கல் மிச்சமிருந்தது. மரப்படகை வீட்டில் எங்கே வைப்பது? 1905இல் மியூனிக் கட்டடக்கலை மாணவர் ஆல்ஃபிரட் ஹாய்ரிஷ், மடித்துப் பையில் போடக்கூடிய கயாக் ஒன்றைச் செய்து இசார் ஆற்றில் ஓட்டினார். ரோசன்ஹைம் ஊரின் தையற்காரர் யோகான் கிளெப்பர் 1907இல் அந்த உரிமையை வாங்கினார். உள்ளே மரச்சட்டம், வெளியே தைத்த உறை. துருவத்துப் பெண்களின் பழைய முறை, துணியும் ரப்பருமாக, ஒரு ஜெர்மன் தையற்கடை வழியே மறுபிறவி எடுத்தது. வார இறுதியில் மூட்டையோடு ரயிலேறி ஆற்றுக்குப் போவது ஜெர்மனியில் பெரும் பழக்கமானது. 1936 பெர்லின் ஒலிம்பிக்கில் மடிப்புப் படகுக்கென்றே பந்தயம் வைத்தார்கள்.

அந்த மடிப்புப் படகில் ஒருவர் நம் கரைக்கும் வந்தார். 1932இல் வேலையிழந்த ஆஸ்கர் ஸ்பெக், உல்ம் நகரில் டான்யூப் ஆற்றில் இறங்கினார். சைப்ரஸ் வரை போகலாம் என்றிருந்தவர், இந்தியக் கரையோரமாக இலங்கையையும் தாண்டி, தென்கிழக்காசியா வழியே துடுப்புப் போட்டுக்கொண்டே இருந்தார். 1939 செப்டம்பரில் ஆஸ்திரேலியாவின் வடக்கே சைபாய் தீவில் கரையேறியபோது உலகப்போர் தொடங்கியிருந்தது. ஜெர்மானியர் என்பதால் அவரைக் காவலில் வைத்தார்கள். ஏழாண்டுப் பயணத்துக்கு அப்படி ஒரு முடிவு.

இன்றைய கயாக்கின் பிளாஸ்டிக் உடல் எப்படி வந்தது என்று பார்க்க, இனி ஒரு வேதியியல் கூடத்துக்குப் போக வேண்டும். 1933 மார்ச்சில் இங்கிலாந்தின் வின்னிங்டனில் எரிக் ஃபாசெட், ரெஜினால்ட் கிப்சன் இருவரும் எத்திலீன் வாயுவை மிக உயர்ந்த அழுத்தத்தில் வேறொரு பொருளோடு வினைபுரிய வைக்க முயன்றார்கள். எதிர்பார்த்தது நடக்கவில்லை. கலத்தில் மெழுகு போன்ற வெள்ளைப் பொருள் கொஞ்சம் ஒட்டியிருந்தது. 1935இல் சக ஆய்வாளர்கள் மறுபடி முயன்றபோது கருவியில் கசிவு. ஈடுகட்டச் செலுத்திய புதிய வாயுவில் துளி ஆக்சிஜன் கலந்திருந்தது. அதுவே வினையைத் தூண்டியது. பாலிஎத்திலீன் பிறந்தது. போர்க்காலத்தில் ரேடார் கம்பிகளுக்கு உறையாகி, போர் முடிந்ததும் வாளி, குடம், பை என்று வீடு முழுக்கப் பரவியது.

அதே பிளாஸ்டிக் தூளை அச்சுக்குள் போட்டு, அச்சைச் சூட்டில் எல்லாத் திசையிலும் சுழற்றினால் உட்சுவரெங்கும் உருகிப் படிந்து, ஒட்டில்லாத உள்ளீடற்ற பொருள் கிடைக்கும். உள்ளே வெற்றிடமான சாக்லேட் முட்டைகளைச் செய்ய முன்பே பயன்பட்ட முறை இது. 1970களின் தொடக்கத்தில் கலிஃபோர்னியாவில் குப்பைத் தொட்டிகளை இப்படித் தயாரித்துக்கொண்டிருந்த ஹாலோஃபார்ம் நிறுவனம், டாம் ஜான்சன் என்ற கயாக் வீரரோடு சேர்ந்து அதே முறையில் கயாக் செய்தது. அதுவரை கண்ணாடியிழைப் படகுகள் பாறையில் மோதி உடைந்துகொண்டிருந்தன. இது மோதினாலும் தாங்கியது, மலிவாகவும் இருந்தது. எடை மட்டும் கூடியது.

கிட்டத்தட்ட அதே காலத்தில், அதே மாநிலத்தின் மாலிபு கடற்கரையில் டிம் நீமியர் என்ற இளைஞர் ஒரு பழைய சர்ஃப் பலகையைக் குடைந்து, உட்கார இடமும் முக்குளிப்புச் சாமான்கள் வைக்கப் பள்ளமும் செய்துகொண்டார். படகுக்குள் உட்காராமல் மேலே உட்காரும் வகை அங்கிருந்துதான் பரவியது. நம் மீனவர்களின் கட்டுமரத்தில் ஏறும் அலை மரங்களின் இடுக்கு வழியே இறங்கிவிடுவது போல, இதிலும் தளத்துக்கு வரும் நீர் சிறு துளைகள் வழியே தானே வடிந்துவிடும். முக்குளிப்பவர்களுக்காகப் பிறந்த இந்த வடிவத்தைத் தூண்டில்காரர்கள் பிடித்துக்கொண்டார்கள். துளையிட்டுத் தூண்டில் தாங்கிகளைப் பொருத்தினார்கள், பின்பள்ளத்தில் பால் கிரேட் பெட்டியைக் கட்டினார்கள். தயாரிப்பாளர்கள் அதைப் பார்த்து, அந்த வசதிகளையெல்லாம் அச்சிலேயே வார்க்கத் தொடங்கினார்கள். ஜப்பானில் ஃபுருனோ சகோதரர்கள் 1948இல் விற்பனைக்குக் கொண்டுவந்த மீன் காட்டும் ஒலிக்கருவி, சுருங்கிச் சுருங்கி இதில் வந்து அமர்ந்தது. 1997இல் ஹோபி நிறுவனம், பென்குயின் இறகு போல நீருக்கடியில் அசையும் இரண்டு துடுப்புகளைக் காலால் இயக்கும் மிதியைக் கொண்டுவந்தது. தூண்டில்காரரின் கைகள் இரண்டும் விடுதலையாயின.

இப்போது கடைக்குத் திரும்பலாம். நமக்குத் தேவை அலையில்லாத ஏரி, குளம், மெதுவாக ஓடும் ஆறு. நீர் சில்லென்று இருக்கும் ஊரில், கரையோரமாகவே இருக்கப் போகிறவருக்கு உள்ளே உட்காரும் வகை கதகதப்பாகவும் இலேசாகவும் இருக்கும். மற்றவர்களுக்கு, முதல் படகாக மேலே அமரும் வகையே நல்லது. கவிழ்ந்தால் நீரை இறைக்க வேண்டியதில்லை, திருப்பிப்போட்டு ஏறிக்கொள்ளலாம். அகலம் 32 முதல் 36 அங்குலம் இருந்தால் மீனைத் தூக்கும்போது ஆட்டம் குறையும். ஆனால் அகலம் கூடக் கூட வேகம் குறையும், துடுப்பும் நீளமாக வேண்டும். சிறு குளத்துக்கும் வளைவு நெளிவான ஓடைக்கும் பத்தடி போதும். நெடுந்தூரம் போக வேண்டிய பெரிய நீர்த்தேக்கத்துக்குப் பன்னிரண்டு அடி நேராக ஓடும். தாங்கும் எடை என்று போட்டிருக்கும் அளவில் மூன்றில் இரண்டு பங்குக்குள் உங்கள் எடையும் சாமான்களும் அடங்கட்டும். உயரமான இருக்கை பார்வைக்கு வசதி, ஆனால் ஆட்டத்தைக் கூட்டும். அதனால் உயரத்தை மாற்றக்கூடியதாகப் பாருங்கள். மிதி வேண்டுமென்றால் அதற்கான விலையையும் எடையையும் எண்ணிப்பாருங்கள். நீர்த்தாவரம் அடர்ந்த, ஆழமில்லாத இடத்தில் மிதி சிக்கும், துடுப்பு சிக்காது. எல்லாவற்றுக்கும் முன்னால், வீட்டிலிருந்து நீர்க்கரை வரை அந்தப் படகை உங்களால் தூக்கிப் போக முடியுமா என்று பாருங்கள். தூக்கச் சலிப்பான படகு கொட்டகையை விட்டு வெளியே வராது.

ஒரே வடிவத்தைப் பார்த்து வார்த்த படகுகள் சந்தையில் ஏராளம். அவை யாருடைய உடலுக்கும் எந்த நீருக்கும் பொருந்தும் என்றே விளம்பரம் சொல்லும். துருவத்துக் கைவினைஞர் அதை ஒத்துக்கொண்டிருக்க மாட்டார். அவர் தன் இடுப்பையும் கையையும் அளந்த பிறகே கட்டையைத் தொட்டார். அதனால் வாடகைக்கோ இரவலுக்கோ இரண்டு மூன்று வகைகளை எடுத்து, உங்கள் ஏரியிலேயே உட்கார்ந்து பாருங்கள். லைஃப் ஜாக்கெட்டைக் கட்டிக்கொண்டு, இடுப்பளவு நீரில், துணைக்கு ஒருவரை நிறுத்தி, வேண்டுமென்றே கவிழ்த்து மறுபடி ஏறிப் பாருங்கள். எந்தப் படகில் நீங்கள் சிரமமில்லாமல் திரும்ப ஏறி அமர்கிறீர்களோ, அதற்குப் பணத்தைக் கொடுங்கள்.