ஐநெட்-டி

ஐநெட்-டி என்பது யுனிக்ஸ் வகை இயங்குதளங்களில் பல வலையமைப்புச் சேவைகளுக்காகத் தான் ஒன்றே காத்திருந்து, இணைப்புக் கோரிக்கை வரும்போது மட்டும் உரிய வழங்கி நிரலை இயக்கும் பின்னணி நிரல் (டீமன்) ஆகும். இத்தகைய நிரல் சூப்பர் சர்வர் எனப்படுகிறது. இது 1986இல் வெளியான 4.3 பிஎஸ்டி இயங்குதளத்தில் இடம்பெற்றது. எப்போதோ ஒருமுறை பயன்படும் சேவைகளுக்காகப் பல நிரல்கள் நினைவகத்தை அடைத்துக்கொண்டிருப்பதை இது தவிர்த்தது.

செயற்பாடு

அமைப்புக் கோப்பின் ஒவ்வொரு வரியும் ஒரு சேவையைக் குறிக்கும். சேவையின் பெயர், சாக்கெட் வகை, நெறிமுறை, காத்திருக்க வேண்டுமா என்னும் குறிப்பு, எந்தப் பயனர் பெயரில் இயங்க வேண்டும் என்பது, நிரலின் இருப்பிடம், அதற்குரிய அளபுருக்கள் ஆகியன அவ்வரியில் அமையும். டிசிபி இணைப்பு வந்ததும் ஐநெட்-டி தன் நகல் ஒன்றை உருவாக்கி, அவ்விணைப்பை நகலின் செந்தர உள்ளீடு, வெளியீடு, பிழை வெளியீடு மூன்றுடனும் பிணைத்து, பின்னர் வழங்கி நிரலை இயக்குகிறது.

எளிய வழங்கி எழுதுதல்

இதனால் வழங்கி நிரலுக்குச் சாக்கெட் பற்றி ஏதும் தெரிந்திருக்க வேண்டியதில்லை. விசைப்பலகையிலிருந்து ஒரு வரியைப் படித்துத் திரையில் விடை எழுதும் நிரலே போதும். தேதியை அச்சிடும் இரண்டு வரி ஷெல் நிரலும் வழங்கியாகிவிடும். முனையத்திலேயே அதனைச் சோதித்தும் பார்க்கலாம்.

ஆயினும் முனையத்தில் சரியாக இயங்கிய நிரல் வலையமைப்பில் ஊமையாகிவிடுவதுண்டு. வெளியீடு முனையத்துக்குச் செல்லாதபோது சி மொழி நூலகம் எழுத்துக்களை இடையகத்தில் சேர்த்துவைப்பதே காரணம். ஒவ்வொரு விடைக்குப் பின்னும் இடையகத்தை வெளியேற்ற வேண்டும். பிழைச் செய்திகளும் எதிர்முனையில் இருப்பவருக்கே செல்லும் என்பதையும் மறத்தலாகாது.

ஒவ்வோர் இணைப்புக்கும் புதிய நிரல் தொடங்கப்படுவதால், கோரிக்கைகள் மிகுந்த வலைத்தள வழங்கிக்கு இம்முறை ஏற்றதன்று.

பாதுகாப்பு

எளிமையின் மறுபக்கம் 1988 நவம்பர் 2 அன்று வெளிப்பட்டது. பயனர் விவரம் தரும் ஃபிங்கர் சேவையின் வழங்கி, ஐநெட்-டி வழியே இயங்கிய சிறு நிரல். அது செந்தர உள்ளீட்டைக் கெட்ஸ் என்னும் செயற்கூற்றால் 512 பைட்டு இடையகத்தில் படித்தது. கெட்ஸ் நீளத்தைச் சரிபார்ப்பதில்லை. ராபர்ட் மாரிஸ் எழுதிய புழு நீண்ட வரியை அனுப்பி, இடையகத்தை நிரம்பி வழியச் செய்து கணினிகளுள் நுழைந்தது. இச்செயற்கூறு 2011ஆம் ஆண்டுச் சி மொழித் தரத்தில் நீக்கப்பட்டது.

1990இல் வீட்சா வெனிமா எழுதிய டிசிபி ராப்பர், ஐநெட்-டிக்கும் வழங்கிக்கும் இடையே நின்று, அழைக்கும் கணினியின் முகவரியைச் சோதித்தது. பின்னர் எக்ஸ்-ஐநெட்-டி இவ்வசதியைத் தன்னுள்ளேயே கொண்டு வந்தது. 2010இல் அறிமுகமான சிஸ்டம்-டியும் சாக்கெட் வழியே வழங்கியைத் தொடங்குவதால், ஐநெட்-டிக்காக எழுதப்பட்ட நிரல்கள் பலவற்றை அதில் மாற்றமின்றி இயக்கலாம்.