வழக்காடியவரும் உரிமை கொண்டாடியவரும்

கடவுளை நம்புகிறவர் துன்பத்தில் வாய் திறக்கக் கூடாது என்ற நினைப்பு நம்மிடம் ஊறிக் கிடக்கிறது. விவிலியத்து யோபுவும் பெரியபுராணத்துச் சுந்தரரும் இதை ஒப்புக்கொள்ள மாட்டார்கள். இருவருமே கடவுளை நேருக்கு நேர் நின்று கேட்டவர்கள். ஆனால் ஒருவர் குற்றமற்றவர். மற்றவர் செய்த சத்தியத்தை மீறியவர்.

யோபு ஊத்ஸ் தேசத்துச் செல்வர். 7000 ஆடுகள், 3000 ஒட்டகங்கள். ஒரே நாளில் மந்தைகள் போகின்றன. மூத்த மகன் வீட்டில் விருந்துண்ட 10 பிள்ளைகளும், காற்றில் வீடு இடிந்து விழுந்து சாகிறார்கள். பிறகு உடம்பெல்லாம் புண்; சாம்பலில் உட்கார்ந்து ஓட்டுச் சில்லால் சுரண்டிக்கொள்கிறார். பொறுமைக்கு நாம் உதாரணம் காட்டும் யோபு முதல் 2 அதிகாரங்களோடு முடிந்துவிடுகிறார். 3ஆம் அதிகாரத்தில் அவர் தான் பிறந்த நாளையே சபிக்கிறார். அதன்பின் பேச்செல்லாம் வழக்குமன்றப் பேச்சுதான்: என் குற்றம் எது, சொல்லுங்கள், பதில் சொல்கிறேன் என்கிறார்.

சுந்தரருக்கு அப்படி வழக்காட வழியே இல்லை. திருவொற்றியூரில், தாம் மணக்கவிருந்த சங்கிலியாரைப் பிரியமாட்டேன் என்று மகிழ மரத்தடியில் சத்தியம் செய்தவர் அவர். அதிலும் ஒரு தந்திரம்: நான் சன்னிதியில் சத்தியம் செய்யும்போது நீர் மகிழ மரத்துக்குப் போய்விடும் என்று இறைவனிடம் முன்கூட்டியே கேட்டுவைத்தார். இறைவனோ சங்கிலியார் பக்கம் போய், மரத்தடியிலேயே சத்தியம் வாங்க வைத்தார். வசந்த காலம் வந்ததும் திருவாரூர் நினைவு இழுக்க, சுந்தரர் ஒற்றியூர் எல்லையைத் தாண்டினார். இரு கண்களும் போயின.

இப்படிப்பட்டவர் மன்னிப்புக் கேட்டு அழுவார் என்றுதானே எதிர்பார்ப்போம்? அழுகிறார், பிழையை ஒத்துக்கொள்கிறார். கூடவே குத்திக்காட்டவும் செய்கிறார்: அடிமை என்று ஓலை காட்டி ஆண்டுகொண்டவர் நீர், அடியான் தடுமாறினால் உமக்குத்தானே இழுக்கு? யோபு தன் நேர்மையை நம்பிக் கேட்கிறார். சுந்தரர் உறவை நம்பிக் கேட்கிறார். கையில் நியாயமே இல்லாமல் கேட்பதற்கு இன்னும் பெரிய நம்பிக்கை வேண்டும் என்பது என் எண்ணம்.

யோபுவின் மூன்று நண்பர்களை மறக்க முடியாது. 7 நாள் வாய் பேசாமல் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் செய்த நல்ல காரியம் அது ஒன்றுதான். வாய் திறந்ததும், ஏதோ பாவம் செய்திருப்பாய் என்றார்கள். (துக்க வீட்டில் முன்வினையைப் பற்றிப் பேசும் பெரியவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள்.) கடைசியில் கடவுள் கோபித்துக்கொண்டது தமக்காக வாதாடிய இந்த மூவரிடம்தான். தம்மோடு மல்லுக்கு நின்ற யோபு பேசியதே சரி என்றார்.

ஆனால் ‘ஏன்’ என்ற கேள்விக்கு யோபுவுக்குப் பதில் கிடைக்கவில்லை. சூறாவளியிலிருந்து பேசும் கடவுள், பூமிக்கு அடித்தளம் போட்டபோது நீ எங்கே இருந்தாய் என்று திருப்பிக் கேட்கிறார். காட்டுக் கழுதையையும் போர்க் குதிரையையும் காட்டுகிறார். யோபுவின் துன்பம் வானுலகில் நடந்த ஒரு சவாலில் தொடங்கியது என்பது வாசகருக்குத் தெரியும். யோபுவுக்குக் கடைசிவரை தெரியாது. சுந்தரருக்குக் கிடைத்ததும் அரைகுறைதான். திருவெண்பாக்கத்தில், கோயிலுக்குள் இருக்கிறீரா என்று கேட்டவருக்கு, இருக்கிறோம், போய்வாரும் என்ற தோரணையில் பதிலும் ஓர் ஊன்றுகோலும் வந்தன. அந்தப் பழைய கோயில் இருந்த இடத்தில் இன்று பூண்டி நீர்த்தேக்கம். கோலோடு நடந்து காஞ்சியில் இடக்கண் பெற்றார். வலக்கண் கிடைக்க ஆரூர்வரை போக வேண்டியிருந்தது.

யோபுவுக்கு மந்தைகள் இரட்டிப்பாகத் திரும்பின. மறுபடி 10 பிள்ளைகள் பிறந்தார்கள். செத்த 10 பேரைப் பெற்ற தாய்க்கோ அந்த நூல் ஒரே ஒரு பேச்சைத்தான் கொடுத்திருக்கிறது. அதற்கும் கணவரிடம் திட்டு வாங்குகிறாள். சுந்தரர் கதையிலும் இதே குறை உண்டு. ஆரூரில் முதல் மனைவி பரவையார் கோபித்துக் கதவடைத்தபோது, நள்ளிரவில் இறைவனே இருமுறை தூது நடந்தார். சத்தியத்தை நம்பி ஏமாந்த சங்கிலியாரைச் சமாதானம் செய்ய ஒற்றியூருக்கு யாரும் தூது போகவில்லை.