ஸ்லேட்டரின் வினாத்தாள்

1915-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் இந்தியப் பொருளியல் பேராசிரியராக வந்தவர் கில்பர்ட் ஸ்லேட்டர். அவர் தம் மாணவர்களிடம் ஒரு வினாத்தாளைக் கொடுத்துக் கிராமங்களுக்கு அனுப்பினார். நிலம் யாரிடம், கூலி எவ்வளவு, கடன் எவ்வளவு என்பன கேள்விகள். விடை எந்தப் பாடநூலிலும் இல்லை. ஊரில் கேட்டுத்தான் எழுத வேண்டும். அவ்விடைகள் 1918-இல் ஆங்கில நூலாயின. அந்நூலின் ஊர்களுள் ஒன்று தென்னார்க்காட்டு இருவேல்பட்டு. 1936-37-இல் பி. ஜே. தாமஸ், கே. சி. ராமகிருஷ்ணன் முயற்சியில் அவ்வூர்கள் மீண்டும் ஆராயப்பட்டபோது, மாணவர் எழுதிய விடைகளே அளவுகோலாயின. வேறெந்த விடைத்தாளுக்கு இப்பேறு வாய்த்தது?

நெய்வேலியை அடுத்த வளையமாதேவியும் பழைய தென்னார்க்காட்டு ஊர்தான். 2023 ஜூலையில், பழுப்பு நிலக்கரி நிறுவனத்தின் கால்வாய்ப் பணிக்காக அங்கே நெற்பயிர் நின்ற வயல்களில் இயந்திரங்கள் இறங்கின. நிலம் முன்பே கையகப்படுத்தப்பட்டது என்றது நிறுவனம். உரிய இழப்பீடு கிடைக்கவில்லை என்றனர் உழவர்.

'வாய்ப்புச் செலவு' என்பதற்கு வரையறை எழுதி மதிப்பெண் பெறும் மாணவரை இவ்வயலின் கணக்கைப் போடச் சொல்லலாம். பட்டா இல்லாத கூலியாளின் இழப்பை அவர் எந்தப் பத்தியில் எழுதுகிறார் என்று பார்த்தால் போதும், பொருளியல் கற்றாரா என்பது விளங்கிவிடும்.