பொன் போன வழியும் எந்திரம் வந்த வழியும்: கோலார் தங்கவயலின் அயல்வணிகம், 1880 முதல்

கோலார் தங்கவயலைப் பற்றி எழுதியவர்கள் பெரும்பாலும் அங்கிருந்து வெளியே போன பொன்னைத்தான் எடைபோட்டார்கள். ஏறத்தாழ 120 ஆண்டுகளில் 800 டன் என்பது வழக்கமாகச் சொல்லப்படும் அளவு. அதே பாதையில் உள்ளே வந்த சரக்கை யாரும் அதிகம் கவனிக்கவில்லை. கடல் கடந்த புதிய சந்தை ஒன்றில் அயல்நாட்டு உற்பத்தியாளர்கள் காலூன்றிய விதத்தை அறிய, என் பார்வையில், இந்த இரண்டாவது கணக்கே அதிகம் உதவும்.

1875-இல் மைசூர் அரசிடம் சுரங்க உரிமம் பெற்ற மைக்கேல் லாவெல்லிடம் ஆர்வம் இருந்தது, பணம் இல்லை. பணமும் தொழிலறிவும் 1880-இல் லண்டனின் ஜான் டெய்லர் அண்ட் சன்ஸ் நிறுவனத்தோடு வந்தன. மைசூர், சாம்பியன் ரீஃப், உரிகம், நந்திதுர்க்கம் ஆகிய சுரங்கங்கள் தனித்தனிக் கம்பெனிகளுக்குச் சொந்தம் என்றாலும் நிர்வாகம் டெய்லர்களின் கையில்தான். பங்குதாரர் கூட்டமும் லண்டனில், கொள்முதல் முடிவும் லண்டனில். நீராவி எஞ்சின், பம்பு, பாறையை இடிக்கும் ஸ்டாம்ப் மில் என எது வாங்கினாலும் விற்பவரும் வாங்குபவரும் ஒரே ஊர்க்காரர்கள். இதைச் சந்தை என்பதைவிட, மைசூர் மண்ணில் வைத்திருந்த பிரிட்டிஷ் கிடங்கு என்றே சொல்லலாம். 1894-இல் பௌரிங்பேட்டையிலிருந்து, அதாவது இன்றைய பங்காருப்பேட்டையிலிருந்து, மாரிகுப்பத்துக்கு ரயில் போடப்பட்டதும் சரக்கு வரத்து எளிதானது.

வாங்காமல் விட்டதையும் பார்க்க வேண்டும். வடஆற்காடு, சேலம், சித்தூர் வட்டாரங்களிலிருந்து வந்து லைன் வீடுகளில் குடியேறிய தமிழ், தெலுங்குத் தொழிலாளர்களின் கூலி மிகக் குறைவு. அதனால் கையால் ஆகாத வேலைக்கு மட்டுமே, அதாவது ஆழத்திலிருந்து தூக்குவதற்கும் நீர் இறைப்பதற்கும் பாறை அரைப்பதற்கும், எந்திரம் தாராளமாக வந்தது. உடைத்த கல்லை வாரித் தள்ளும் வேலை நெடுங்காலம் பெரும்பாலும் ஆள்பலத்திலேயே நடந்தது. மலிவான கூலி கம்பெனிக்கு லாபம். எந்திர வியாபாரிக்கு அதுவே தடை.

இந்த மூடிய வட்டத்தை உடைத்தது மின்சாரம். சுரங்கத்து நீராவி எஞ்சின்கள் விறகையும் நிலக்கரியையும் ஓயாமல் தின்றன. காவிரியின் சிவசமுத்திர அருவியிலிருந்து மின்சாரம் எடுக்கலாம் என்ற திட்டத்தை மைசூரின் துணைத் தலைமைப் பொறியாளர் ஜோலி டி லோத்பினியே முன்வைத்தார். கனடாவில் பிறந்த அவருக்கு நயாகரா முன்மாதிரியாக இருந்தது. திவான் சேஷாத்ரி ஐயர் துணை நின்றார். ஜெனரேட்டர்கள் அமெரிக்காவின் ஜெனரல் எலெக்ட்ரிக்கிடமிருந்தும், டர்பைன்கள் சுவிட்சர்லாந்தின் எஷர் விஸ்ஸிடமிருந்தும் வந்தன. கனமான பாகங்களை ரயிலடியிலிருந்து அருவிவரை மாட்டுவண்டியும் யானையும் சுமந்தன. 1902 ஜூன் 30 அன்று 92 மைல் கம்பி வழியாகத் தங்கவயலுக்கு மின்சாரம் பாய்ந்தது. 720 கிலோவாட் வீதம் ஆறு எந்திரங்கள்; உலகிலேயே மிக நீண்ட மின்பாதைகளில் ஒன்றாக அன்று அது பேசப்பட்டது.

பிரிட்டிஷ் இந்தியாவின் நடுவே அமெரிக்கச் சரக்கு எப்படி நுழைந்தது? தொலைதூர மின்கடத்தலில் அமெரிக்கர்களுக்கு இருந்த முன்னனுபவம் ஒரு காரணம். அதைவிட முக்கியம், வாங்கியது டெய்லர் கம்பெனி அல்ல, மைசூர் சமஸ்தானம் என்பது. சுரங்கங்களோடு நீண்டகால ஒப்பந்தம் போட்டு வருமானத்தை உறுதி செய்துகொண்ட பிறகே அரசு பணத்தை இறக்கியது. இரவும் பகலும் ஒரே சீராக ஓடும் ஸ்டாம்ப் மில்லைவிட நல்ல மின் வாடிக்கையாளர் கிடைப்பது அரிது. பெங்களூர்த் தெருவிளக்கு மின்சாரத்தில் எரிந்ததே 1905-இல்தான். எந்திரங்களோடு அமெரிக்கப் பொறியாளர்களும் வந்தார்கள். அவர்களுள் எச். பி. கிப்ஸ் மைசூர் மின்துறையின் தலைமைப் பொறுப்புக்கு உயர்ந்து, பிறகு டாடா நீர்மின் நிறுவனத்துக்குப் போனார். விற்றவரின் ஆளே அடுத்த கொள்முதலைத் தீர்மானிக்கும் நாற்காலியில் அமர்வதைவிடப் பெரிய விளம்பரம் எந்த ஏற்றுமதியாளருக்கும் வாய்க்காது.

1956-இல் மைசூர் அரசு சுரங்கங்களை எடுத்துக்கொண்டது. 1962-இல் அவை மத்திய அரசிடம் போயின. அதற்குள் ஆழம் கூடி, பொன்னின் தரம் குறைந்துவிட்டது. 1964-இல் தொடங்கிய பாரத் எர்த் மூவர்ஸ், ஊரார் வாயில் பெமல், தன் மண்வாரி எந்திரத் தொழிற்சாலையைத் தங்கவயலில் நிறுவியதும் சரக்கின் திசை மாறத் தொடங்கியது. ஜப்பானின் கோமாட்சு தொழில்நுட்பத்தில் உருவான புல்டோசர்கள், எந்திரத்தை இறக்குமதி மட்டுமே செய்துவந்த ஊரிலிருந்து வெளியே போயின. சிரியா, துனிசியா, இந்தோனேசியா போன்ற நாடுகள் பெமலின் வாடிக்கையாளர் ஆயின.

இந்த வெற்றியைப் பெரிதுபடுத்தவும் கூடாது. பெமலின் பெரும் வாடிக்கையாளர்கள் கோல் இந்தியாவும் ராணுவமும்தான். விற்பனையில் ஏற்றுமதியின் பங்கு சிறியது. தொழில்நுட்பம் தந்த கோமாட்சுவே வெளிச்சந்தையில் போட்டிக்கு நின்றது. சுரங்க எந்திரத்தை விற்பது ஒருநாள் வேலையல்ல. பழுதான பாகம் வந்துசேரும்வரை குவாரி சும்மா கிடக்கும் என்பதால், வாங்குபவர் விலையைக் கேட்கும் முன் உதிரிபாகக் கிடங்கு எங்கே என்று கேட்பார். அந்தக் கிடங்கை ஊர் ஊராக வைக்க முடிந்த ஜப்பானிய, அமெரிக்க நிறுவனங்கள் முந்தின. 2001 பிப்ரவரி 28-இல் சுரங்கம் மூடப்பட்டது. பெமல் தொழிற்சாலை இன்றும் ஓடுகிறது. அதன் ஆர்டர்கள் பெரும்பாலும் உள்நாட்டு நிலக்கரிச் சுரங்கங்களிலிருந்தே வருகின்றன.